கஷாயச் சீட்டு கைக்கு வந்த பிறகு: நாட்டு மருந்துக் கடையிலிருந்து அடுப்பு வரை

ஆயுர்வேத வைத்தியரைப் பார்ப்பது பெரிய வேலை இல்லை. அவர் எழுதித் தரும் கஷாயச் சீட்டை வைத்துக்கொண்டு சரியான சரக்கை வாங்கி, காய்ச்சி, வேளை தவறாமல் கொடுப்பதற்குள் முழி பிதுங்கிவிடும். அம்மாவின் மூட்டு வலிக்காக நான் இதில் இறங்கியபோது படிப்படியாகச் சொல்லித் தர ஆள் இல்லை. வைத்தியர் "கடையில கேளுங்க" என்றார். கடைக்காரர் "டாக்டர்கிட்ட கேளுங்க" என்றார். நடுவில் நின்று தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

எந்த நோய்க்கு எந்த மூலிகை என்று இதில் தேட வேண்டாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியர். சீட்டு கைக்கு வந்த பிறகு நாம் செய்ய வேண்டியது மட்டும் இங்கே.

1. வைத்தியரிடம் போகும்போது ஒரு ஃபைல் கொண்டு போங்கள்

இப்போது சாப்பிடும் எல்லா ஆங்கில மருந்துகளின் பெயரும் அளவும் ஒரு தாளில் இருக்கட்டும். "பிரஷருக்கு ஒரு வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. அட்டையையே எடுத்துப் போங்கள். கூடவே சமீபத்திய ரத்தப் பரிசோதனைகள்: சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), கல்லீரல் பரிசோதனை. கல்லீரல் பரிசோதனை சமீபத்தில் எடுக்கவில்லை என்றால் கஷாயம் தொடங்கும் முன் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். பிறகு ஏதாவது சந்தேகம் வந்தால், முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட அந்தத் தாள் ஒன்றுதான் கைகொடுக்கும்.

ஒவ்வாமை, கர்ப்பம், பாலூட்டுவது, அடுத்த சில வாரங்களில் ஏதாவது அறுவை சிகிச்சை இருப்பது, இவற்றைக் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு அதிமதுரம். இருமல் கஷாயங்களில் சர்வ சாதாரணமாக வரும் சரக்கு. ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் இருப்பது தெரிந்தால் வைத்தியர் அதை மாற்றி எழுதுவார்.

பார்க்கப் போகிறவர் பி.ஏ.எம்.எஸ். என்ற ஆயுர்வேத மருத்துவப் பட்டம் படித்துப் பதிவு எண் உள்ளவரா என்று போர்டிலேயே பார்த்துவிடலாம். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால், சென்னையில் அரும்பாக்கத்தில் மத்திய அரசின் ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனத்தில் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவமனையின் ஆயுஷ் பிரிவுக்குப் போனால் பெரும்பாலும் சித்த மருத்துவர்தான் இருப்பார். அவரிடம் தாராளமாகக் காட்டலாம். ஆனால் ஆயுர்வேதச் சீட்டை நீட்டி "இதையே கொடுங்க" என்று கேட்காதீர்கள். சித்த மருத்துவத்தில் 'குடிநீர்' என்று காய்ச்சித் தருவதும் ஆயுர்வேதக் கஷாயமும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மருந்துக் கூட்டும் பெயரும் வேறு. ஒரு நேரத்தில் ஒருவர் மருந்து மட்டும் ஓடட்டும்.

2. சீட்டோடு எழுந்துவிடாதீர்கள்

நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் சீட்டில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

- ஒவ்வொரு சரக்கின் பெயர், முடிந்தால் தாவரவியல் பெயரும்
- எந்தப் பாகம்: வேரா, பட்டையா, காயா, இலையா, சமூலமா (வேரோடு முழுச் செடியா)
- ஒவ்வொன்றின் எடை கிராமில்
- எவ்வளவு தண்ணீர் விட்டு எவ்வளவாக வற்ற வைப்பது
- எந்த வேளை, எத்தனை நாள், எப்போது மறுபடி வர வேண்டும்
- கூடச் சேர்ப்பது: தேன், இந்துப்பு, வெல்லம், நெய் என ஏதாவது உண்டா

இரண்டாவதை விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். 'நெருஞ்சில் 5 கிராம்' என்று மட்டும் எழுதியிருந்தால் கடையில் முள்ளைக் கொடுப்பார்கள். வைத்தியர் நினைத்தது வேராக இருக்கலாம். எனக்கு நடந்தது இதேதான். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றார் கடைக்காரர். திரும்பப் போய்க் கேட்டபோது வைத்தியர் "வேர்" என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

தண்ணீர்க் கணக்கும் ஆளுக்கு ஆள் மாறும். பழைய கணக்கு ஒரு பலம் சரக்குக்கு, அதாவது சுமார் 48 கிராமுக்கு, 16 மடங்கு தண்ணீர். அதை நாலில் ஒரு பங்காக வற்ற வைக்கச் சொல்பவர்களும் உண்டு, எட்டில் ஒரு பங்காக வற்ற வைக்கச் சொல்பவர்களும் உண்டு. நாலில் ஒன்று என்றால் 50 கிராம் போட்டு 800 மில்லி விட்டு 200 மில்லியாக இறக்குவது. எட்டில் ஒன்று என்றால் 100 மில்லி. குடிக்கும் அளவும் அதற்கேற்ப மாறும். உங்கள் வைத்தியர் சொன்னதை மட்டும் பின்பற்றுங்கள்.

பச்சையாகக் கிடைத்தால் எடை என்ன என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பொது விதி, காய்ந்த சரக்குக்குப் பதில் பச்சை போட்டால் இரண்டு பங்கு. ஆனால் சீந்தில், ஆடாதோடை, தண்ணீர்விட்டான் கிழங்கு போன்ற சிலவற்றுக்கு அந்த இரட்டிப்பு கிடையாது. வீட்டு வேலியில் ஆடாதோடை நிற்கிறது என்பதற்காக நீங்களே கணக்குப் போட வேண்டாம்.

இன்னொரு விஷயம். பெயர் எழுதாத பொடியைப் பொட்டலத்தில் மடித்து வைத்தியரே கொடுத்தால், அதன் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பல வருட மூட்டு வலி அந்தப் பொடியில் இரண்டே நாளில் பறந்து போனால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பஸ்பம் (உலோகம், தாதுக்களைப் புடமிட்ட பொடி), ரச மருந்துகள் (பாதரசம் சேர்ந்தவை) என்றால் உரிமம் பெற்ற நிறுவனத்தின் லேபிளோடு வந்தால் மட்டும், அதுவும் எழுதிக் கொடுத்த நாட்களுக்கு மட்டும்.

3. எந்த வடிவில் வாங்குவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வழி மூன்று. தனித்தனிச் சரக்காக வாங்கி நாமே இடிப்பது, நிறுவனங்கள் பாக்கெட்டில் விற்கும் கஷாயச் சூரணம், பாட்டிலில் வரும் ரெடிமேட் கஷாயம்.

செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 50 கிராம் என்றால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. பத்துச் சரக்குச் சம அளவில் சேரும் கஷாயமாக இருந்தால் ஒவ்வொன்றும் மாதத்துக்கு 150 கிராம். கலவை சராசரியாகக் கிலோ 600 ரூபாய் என்று வந்தால் சரக்குக்கு மட்டும் மாதம் 900 ரூபாய். அடுப்பு தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும். கேஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் வேறு கணக்கு. வழக்கமாக 200 மில்லி பாட்டில். வேளைக்கு 15 மில்லி எடுத்து நாலு மடங்கு ஆறின வெந்நீர் கலந்து இரண்டு வேளை குடிக்கச் சொன்னால் ஒரு பாட்டில் ஏழு நாள்கூட வராது. மாதத்துக்கு 900 மில்லி, அதாவது ஐந்து பாட்டில். கெடாமல் இருக்கப் பதப்படுத்தும் பொருள் சேர்த்திருப்பார்கள், அது லேபிளில் இருக்கும். அதே கஷாயம் மாத்திரையாகவும் கிடைக்கும்.

என் அபிப்பிராயம்: வீட்டில் காய்ச்ச ஆள் இருந்து, சீட்டில் இருப்பது அந்த வைத்தியரே சேர்த்த கூட்டாக இருந்தால் சரக்கு வாங்குங்கள். பெயருள்ள வழக்கமான கஷாயமாக இருந்து, காலை ஏழு மணிக்கு நீங்கள் பஸ் பிடிக்க வேண்டியவராக இருந்தால் பாட்டிலே போதும். ஆர்வத்தில் சரக்கு வாங்கிவிட்டு நாலாம் நாள் காய்ச்சுவதை நிறுத்துவதற்கு அது எவ்வளவோ மேல். பாக்கெட் சூரணம் இரண்டுக்கும் நடுவில். எடை, கலவைத் தொல்லை இல்லை, ஆனால் உள்ளே இருப்பது எந்த வேர் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பாக்கெட், பாட்டில் எதுவானாலும் லேபிளில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சரக்குகளின் பெயரும் அளவும், 'ஆயுர்வேத மருந்து' என்ற வார்த்தை இவ்வளவும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு அரிஷ்டமோ ஆசவமோ எழுதியிருந்தால் இன்னொரு தடவை கேளுங்கள். அவை வெல்லமோ சர்க்கரையோ போட்டு நொதிக்க வைப்பவை. தானாக ஊறும் ஆல்கஹாலும் அதில் இருக்கும்.

4. கடையில்: ஒரே பெயர், வேறு வேறு செடி

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இது. சென்னையில் பூக்கடைப் பக்கம் ராசப்ப செட்டித் தெரு, மதுரையில் கீழமாசி வீதி என்று பெரிய ஊர்களில் மொத்த வியாபாரக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே விலையும் குறைவு, சரக்கு வேகமாக விற்றுத் தீர்வதால் பழசு தேங்காது. தெருமுனைக் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம் வாங்கலாம். அபூர்வமான வேர்களை அங்கே வாங்காதீர்கள். யாரும் கேட்காமல் எத்தனை மழைக்காலம் பார்த்த டப்பாவோ!

விடுமுறை நாள், மாலைக் கூட்டம் இரண்டையும் தவிர்த்து, கடை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். அப்போதுதான் கடைக்காரர் டப்பாவைத் திறந்து காட்டுவார், பேசவும் செய்வார்.

முதல் விதி: முழுச் சரக்காக வாங்குங்கள், பொடியாக வாங்காதீர்கள். வேர் வேராகவும், பட்டை பட்டையாகவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். "அரைச்சு வச்சிருக்கோம், நைஸா இருக்கும்" என்பார்கள். வேண்டாம்.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். அடிக்கடி மாட்டிக்கொள்ளும் சில:

அசோகப் பட்டை. அதிக உதிரப்போக்குக்குப் பெண்களுக்கு எழுதுவது. ஊரில் அசோக மரம் என்று நாம் சொல்லும், பள்ளிக்கூட வாசலில் நெட்டையாக நிற்கும் மரம் நெட்டிலிங்கம், அது வேறு. அதன் பட்டைதான் சந்தையில் அசோகப் பட்டை என்று நிறையக் கலக்கிறது. தாவரவியல் பெயர் சராகா அசோகா என்று எழுதிக் காட்டிக் கேளுங்கள்.

பிராமி. ஞாபகத்துக்கும் மன அமைதிக்கும் கொடுப்பது. ஆயுர்வேதத்தில் பெரும்பாலும் நீர்ப்பிரமியைக் குறிக்கும். கடையில் பலர் வல்லாரையை எடுத்துக் கொடுப்பார்கள். வல்லாரையும் நல்ல மூலிகைதான், அதற்கு மண்டூகபர்ணி என்று தனிப் பெயர் இருக்கிறது. இலையைப் பார்த்தாலே தெரியும். நீர்ப்பிரமி இலை சின்னதாக, தடிப்பாக, காம்பில்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கும். வல்லாரை இலை வட்டமாக, நீண்ட காம்போடு இருக்கும்.

சங்கபுஷ்பி. இதற்கு ஊருக்கு ஒரு செடி. வடக்கே ஒன்று, கேரளத்தில் நம் நீலச் சங்குப்பூ, தமிழ்நாட்டில் சில இடங்களில் விஷ்ணுகிராந்தி. சீட்டில் இந்தப் பெயர் வந்தால் வைத்தியர் தாவரவியல் பெயர் எழுதித் தந்தே ஆக வேண்டும்.

ராஸ்னா. மூட்டு வாதக் கஷாயங்களின் முதல் ஆள். தென்னாட்டில் அரத்தையை இந்தப் பெயரில் போடுகிறோம். வடக்கே அது முற்றிலும் வேறு செடி. வைத்தியர் எங்கே படித்தவர் என்பதைப் பொறுத்துக்கூட மாறும். அரத்தை என்றால் சிற்றரத்தையா பேரரத்தையா என்ற அடுத்த கேள்வி இருக்கிறது.

புனர்நவா. வீக்கத்துக்கும் நீர்க்கோவைக்கும். மூக்கிரட்டை வேர் வேண்டும். சாரணையை எடுத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு.

சீந்தில். காய்ந்த தண்டு. கொரோனா காலத்தில் கண்டபடி குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அதே குடும்பத்தில் தண்டெல்லாம் மருப்போல முண்டு முண்டாக இருக்கும் இன்னொரு கொடியும் உண்டு, இரண்டும் கலந்துவிடும். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, சீந்திலை வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் குடிக்காதீர்கள்.

தசமூலம். வாத நோய்களுக்கும் வலி வீக்கத்துக்கும் நிறைய எழுதுவார்கள். வில்வம், குமிழ், பாதிரி மாதிரி ஐந்து மரங்களின் வேரும், ஓரிலை, மூவிலை, கண்டங்கத்திரி, முள்ளிக்கத்திரி, நெருஞ்சில் என்ற ஐந்து சிறு செடிகளின் வேரும் சேர்ந்தது. மரத்தின் வேரை எடுக்க மரத்தையே சாய்க்க வேண்டும் என்பதால் வேருக்குப் பதில் தண்டுப் பட்டை போடுவது சந்தையில் சகஜமாகிவிட்டது. அதை ஏற்றுக்கொள்ளும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதை உங்கள் வைத்தியர் முடிவு செய்யட்டும். கடைக்காரரிடம் "இது வேரா, பட்டையா" என்று கேட்டு, அவர் சொன்ன பதிலைக் குறித்து வந்து காட்டுங்கள்.

சரக்கைப் பார்க்கும் விதம் எளிது. ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. முகர்ந்தால் பூஞ்சை வாடை வரக் கூடாது. உள்ளங்கையில் தட்டினால் மாவு கொட்டினால் வண்டு விழுந்திருக்கிறது. திப்பிலியை நகத்தால் கிள்ளி நுனி நாக்கில் வைத்தால் கொஞ்சம் தாமதித்துச் சுரீரென்று ஏறும்; சப்பென்று இருந்தால் பழசு. எல்லாச் சரக்கையும் இப்படி நாக்கில் வைக்காதீர்கள்.

விஷச் சரக்குகளை உதிரியாக வாங்கவே கூடாது. சேராங்கொட்டை, எட்டிக்கொட்டை, ஊமத்தை விதை, செங்காந்தள் கிழங்கு போன்றவை முறைப்படி சுத்தி செய்த, அதாவது நச்சு நீக்கிய, பிறகுதான் மருந்தில் சேரும். அந்தச் சுத்தி வீட்டு வேலை அல்ல. ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை இரண்டையும் யார் சிபாரிசு செய்தாலும் தள்ளிவிடுங்கள். அவற்றில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும் என்பது உறுதியான விஷயம்.

ஒரு சரக்கு இல்லை என்றால் கடைக்காரர் உடனே "அதுக்குப் பதிலா இது போடலாம்" என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதை வாங்கி, வைத்தியருக்கு ஒரு போன் போடுங்கள்.

முதல் தடவை 15 நாளுக்கு மட்டும் வாங்குங்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் மாற்றினால் மிச்சச் சரக்கைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

5. சுத்தம் செய்தல், இடித்தல்

'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்று நம் பாட்டிமார் சொன்னது இங்கேதான் வேலைக்கு ஆகும். சுக்கின் மேல்தோலைச் சீவிவிட வேண்டும். கடுக்காயை உடைத்துக் கொட்டையை எடுத்துவிட வேண்டும், தான்றிக்காய்க்கும் அப்படியே. சீட்டில் இருக்கும் எடை கொட்டை நீக்கிய பிறகு உள்ளது. கொட்டை எடுத்தால் எடை நன்றாகக் குறையும் என்பதால் கூடுதலாக வாங்க வேண்டும். நெல்லியை நெல்லிமுள்ளி என்று கேட்டால் கொட்டை நீக்கியதே கிடைக்கும்.

வேர்களை முறத்தில் புடைத்து மண், கல், வைக்கோல் பொறுக்குங்கள். மண் ஒட்டியிருந்தால் ஓடும் தண்ணீரில் சட்டென்று அலசி, ஒரு பகல் வெயிலில் காயப் போடுங்கள். ஊற விட்டால் சத்து தண்ணீரோடு போய்விடும். வாசனைச் சரக்குகளை நிழலில் காய வைப்பது நல்லது.

இடிக்கும்போது ஒன்றிரண்டாக இடித்தால் போதும், ரவைக்கும் பெரிதாக. மிக்ஸியில் நைஸாக அரைத்தால் கஷாயம் குழம்பாகிவிடும், வடிகட்ட முடியாது, அடியும் பிடிக்கும். கெட்டியான வேரை மிக்ஸியில் போட்டு பிளேடை உடைக்க வேண்டாம்; சீயக்காய் அரைக்கும் மெஷினில் "கொரகொரன்னு" என்று சொல்லிக் கொடுங்கள். முன்னால் மிளகாய் அரைத்தார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், அம்மாவுக்கு ஒரு நாள் தொண்டை எரிந்தபோதுதான் இதன் அருமை தெரிந்தது.

இடித்ததை நன்றாகக் கலந்து, டிஜிட்டல் தராசில் ஒரு நாள் அளவாகத் தனித்தனிப் பொட்டலம் கட்டிவிட்டால் தினமும் எடை போடும் வேலை மிச்சம். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் இடித்து வைக்காதீர்கள்.

6. அடுப்பில்

பாத்திரம் மண்சட்டி அல்லது எவர்சில்வர். அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத செம்பு வேண்டாம். கடுக்காய் மாதிரித் துவர்ப்புச் சரக்கை இரும்பில் கொதிக்க வைத்தால் மை மாதிரிக் கறுத்துவிடும்.

வற்றியது எவ்வளவு என்று கண்ணால் பார்த்து மதிப்பிடுவது கஷ்டம். அதற்கு ஒரு வழி: முதல் நாள் காய்ச்சும் முன், வெறும் பாத்திரத்தில் 200 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றி, ஒரு குச்சியை நேராக நிறுத்தி, ஈரம் ஏறிய இடத்தில் கத்தியால் கீறிவிடுங்கள். பிறகு தினமும் கொதிக்கும்போது அந்தக் குச்சியை விட்டுப் பார்த்தால் போதும். சரக்கும் இடத்தை அடைக்கும் என்பதால் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே இறக்கி, வடிகட்டி அளந்து பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் கை பிடிபட்டுவிடும்.

இரவே தண்ணீரில் ஊறப் போட்டால் கெட்டி வேர் சீக்கிரம் இறங்கும். காலையில் அதே தண்ணீரோடு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்ததும் சிறுதீ. மூடி போடக் கூடாது. குக்கரில் வைத்து மூன்று விசில் விடும் யோசனையை எல்லாரும் ஒரு தடவை சொல்வார்கள். வற்றுவதுதான் முறை, வேகுவது இல்லை. அகலமான பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் வற்றும், குறுகலானதில் இன்னும் இழுக்கும். இளஞ்சூட்டிலேயே மெல்லிய துணியில் வடித்து, சக்கையைப் பிழிந்துவிடுங்கள். ஆறவிட்டால் பிழிய வராது.

சக்கையை மறுநாள் இன்னொரு தடவை கொதிக்க வைத்துச் சிக்கனம் செய்யாதீர்கள், செடிக்குப் போடுங்கள்.

கஷாயம் அன்றன்றைக்கு. காலை வேளைக்குப் போக மீதியைக் கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்து, மாலையில் லேசாகச் சூடாக்கிக் கொடுக்கலாம். நம் வெயிலில் வெளியே வைத்தால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். நுரை கட்டியிருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள். தேன் சேர்க்கச் சொல்லியிருந்தால் நன்றாக ஆறிய பிறகு. இந்துப்பு சேர்க்கச் சொன்னால் பிரஷர்காரர்களும், வெல்லம் சேர்க்கச் சொன்னால் சர்க்கரைக்காரர்களும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

7. குடிக்கும் நேரமும் மாத்திரையும்

பெரும்பாலும் வெறும் வயிற்றில் காலை ஆறு மணி வாக்கிலும் மாலை ஆறு மணி வாக்கிலும் சொல்வார்கள். குடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை எதுவும் சாப்பிடக் கூடாது, காபி உட்பட. எங்கள் வீட்டில் பெரிய போராட்டமே இந்தக் காபிதான்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே ஒரு மோதல் வரும். அதுவும் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்னால் தண்ணீரில் மட்டும் விழுங்க வேண்டியது. இரண்டையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். அந்த மாத்திரை அதன் நேரத்தில் இருக்கட்டும். கஷாயத்தைக் காலை பதினொரு மணிக்கு நகர்த்தலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் துவர்ப்புக் கஷாயத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இரும்பு உடம்பில் சேராது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதல் இரண்டு வாரம் வீட்டில் சர்க்கரை அளவை அடிக்கடி பாருங்கள். சில சரக்குகள் தானாகவே சர்க்கரையை இறக்கும். கஷாயம் வேலை செய்கிறது என்று ஆங்கில மருந்தை நீங்களாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

பத்தியம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பலருக்கு அது புளி, தயிர், வறுத்த பண்டம் குறைப்பதோடு முடிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பத்தியத்தை நீங்கள் இருக்க வேண்டியதில்லை.

8. எப்போது நிறுத்துவது

முதல் ஓரிரு நாள் வயிறு இளகுவது, ஏப்பம் வருவது உண்டு. அதற்கு மேல் போனால் வைத்தியருக்குச் சொல்லுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போவது, உடம்பெல்லாம் அரிப்பு, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், முகமும் காலும் வீங்கிச் சிறுநீர் குறைவது, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கஷாயத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். சீட்டையும் சரக்கையும் கையோடு கொண்டு போங்கள். "ஆயுர்வேதம் பக்க விளைவே இல்லாதது, அதனால் இது மருந்தால் இல்லை" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லி அதை மருத்துவரிடம் மறைத்தால், அவர் வேறு எங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

ஆயுஷ் மருந்துகளின் பக்க விளைவுகளைப் பதிவு செய்ய 2018 முதல் தனி ஏற்பாடு நடக்கிறது. டெல்லியில் உள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் அதன் தேசிய மையம். உங்கள் வைத்தியர் மூலம் புகார் அனுப்பலாம்.

அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்துவது பற்றி இரண்டு மருத்துவர்களிடமும் பேசுங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் கேட்கும்போது கஷாயத்தையும் சொல்ல வேண்டும்.

எல்லாம் சரியாகப் போனாலும், மூன்று மாதத்துக்கு மேல் நீளும் மருந்துக்கு கல்லீரல், கிரியேட்டினின் பரிசோதனைகளை மறுபடி எடுப்பது நல்லது.

9. பில், இன்சூரன்ஸ், மாதிரிப் பொட்டலம்

நாட்டு மருந்துக் கடையில் துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். கடை பெயர், தேதி, ஒவ்வொரு சரக்கின் பெயர், எடை, விலை போட்ட பில் கேட்டு வாங்குங்கள். அடுத்த தடவை விலை ஒப்பிடவும் அதுதான் உதவும்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, 2024 ஏப்ரல் 1 முதல் ஆயுஷ் சிகிச்சையை மற்ற சிகிச்சைக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான் பயன்படும். வெளியில் வாங்கும் கஷாயச் சரக்குக்குப் பணம் திரும்ப வரும் என்று கணக்குப் போடாதீர்கள். பாலிசியில் புறநோயாளிச் செலவு தனியாகச் சேர்ந்திருந்தால் கேட்டுப் பார்க்கலாம், அதற்கும் பதிவு எண்ணோடு உள்ள சீட்டும் முறையான பில்லும் வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் இடிப்பதற்கு முன், ஒவ்வொரு சரக்கிலும் இரண்டு மூன்று துண்டு எடுத்துச் சின்ன ஜிப் கவரில் போட்டு, பெயர், கடை, தேதி எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த மாதம் அதே பெயரில் வேறு நிறத்தில் வேர் வந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கடையிலேயே கேட்டுவிடலாம். மருந்து முடிந்து இரண்டு மாதம் வரை அந்த டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம்.